கால்பந்தாட்டமும் வாழ்க்கைத் தொழிலும்

மஞ்சக்குப்பத்து மைதானத்தின் ஓரத்தில் மாலை வேளையில் நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி தப்பாது கிடைக்கும். கதிரவன் மேற்கே சாய, கீழ்கடற் காற்று மெல்ல வீசத் தொடங்க, பள்ளி விட்ட சிறுவர் தம் புத்தகப் பைகளை ஓரிடத்திற் குவித்துவிட்டுப் பந்தை நடுவே உருட்டுவர். கோல் கம்பம் இல்லாவிடின் இருபுறமும் வைத்த செருப்புகளே கம்பமாகும். ஆட்டம் சூடு பிடிக்கும் அவ்வேளையில், வழியே செல்லும் பெரியவர் ஒருவர் நின்று பார்த்து, "பந்தை உதைத்தால் அடுப்பு எரியுமா, தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. அக்கேள்வியை நகையென்று தள்ளிவிடுவார் பலர். நாம் அதனை மெய்யான கேள்வியாகவே கொண்டு, அதற்குரிய விடையை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உலகப் புகழ் பெற்ற சிலரையே எடுத்துப் பேசுவர். ஆயினும் மலையின் இயல்பை அறிய விரும்புவோன் உச்சியை மட்டும் நோக்கிப் பயனில்லை. அடிவாரத்தையும் சரிவையும் நடந்து பார்த்தல் வேண்டும். கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோருள் மிகப் பலர் உச்சியில் நிற்பவரல்லர். கீழ்ப்படிகளில் நின்று, ஆண்டுதோறும் கழகம் மாறி, அளவான ஊதியம் பெற்று, முப்பத்தைந்து வயதிற்குள் ஆட்டத்தினின்றும் நீங்குபவரே யாவர். அவர்தம் வாழ்க்கையே நம் கேள்விக்கு விடை தரவல்லது. ஆதலின் முதலில் இத்தொழில் நன்கு வேரூன்றிய ஜெர்மனி தேசத்து ஒழுங்கினைச் சுருங்கக் கூறிப் பின்னர் நம் கடலூருக்கு வருவோம்.

தொழிலாட்டக்காரர் யாவர்?

ஆட்டத்தைப் பொழுதுபோக்காகக் கொள்வோர்க்கும் தொழிலாகக் கொள்வோர்க்கும் உள்ள வேற்றுமை திறமையில் அன்று. எழுத்தில் அமைந்த ஒப்பந்தம், திங்கள்தோறும் வரும் ஊதியம், நாள்தோறும் செய்யும் பயிற்சி என்னும் மூன்றும் எவனிடம் உளவோ அவனே தொழிலாட்டக்காரன். இம்மூன்றனுள் ஒப்பந்தமே தலையாயது. என்னை? ஊதியம் எத்துணை நாள் வரும் என்பதனையும், காயமுற்றால் யார் பொறுப்பு என்பதனையும் வரையறுப்பது அதுவேயாகலின்.

இத்தொழிலுக்கு வேறெத்தொழிற்கும் இல்லாத ஓர் இயல்பு உண்டு. ஆசிரியரும் தச்சரும் மருத்துவரும் வயது ஏற ஏறத் திறம் முதிர்வர். அவர்க்கு நாற்பதாம் ஆண்டு நடுப்பகல். ஆட்டக்காரருக்கோ அதுவே அந்தி கழிந்த இருள். பதினெட்டில் தொடங்கி முப்பத்தைந்தில் முடியும் பதினேழு ஆண்டுகளுள் முழங்காலிலோ கணுக்காலிலோ நேரும் ஒரு காயம் இரண்டொரு ஆண்டுகளை விழுங்கிவிடும். எஞ்சிய சில ஆண்டுகளிற் பெறும் ஊதியத்தைக் கொண்டே அவன் தன் மீதி வாழ்நாளுக்கும் வழி தேடிக்கொள்ளல் வேண்டும்.

ஜெர்மனி தேசத்து ஏணி

இன்று செல்வம் கொழிக்கும் ஜெர்மானியக் கால்பந்தாட்டம் தொடக்கமுதல் அவ்வாறிருந்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில் அங்கே 'ஒப்பந்த ஆட்டக்காரர்' என்னும் முறை வகுக்கப்பட்டது. அவர் திங்கள் ஒன்றுக்குப் பெறக்கூடிய ஊதியத்தின் உச்சவரம்பு 320 மார்க்கு. ஆட்டத்தோடு வேறொரு தொழிலும் அவர்க்கு இருத்தல் வேண்டும் என்பது அம்முறையின் கருத்து. 1954ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியினர் இத்தகைய ஒப்பந்த ஆட்டக்காரரே. 1963இல் 'புண்டெஸ்லிகா' என்னும் நாடளாவிய முதற்படிப் போட்டி தோன்றிய பின்னரே முழுநேரத் தொழிலாட்டம் அங்கே நிலைகொள்ளத் தொடங்கிற்று.

அதன் பின்னர் ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. 1974இல் இரண்டாம் படி ஏற்பட்டது. 2008இல் நாடு முழுமைக்கும் பொதுவான மூன்றாம் படி ஏற்பட்டது. நான்காம் படி 2012 முதல் வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா என ஐந்து பிரிவுகளாய் நடைபெறுகின்றது. அதற்குங் கீழே ஐந்தாம் படியும், மாவட்ட ஊர்க் கழகங்கள் ஆடும் கடைசிப் படிகளும் உள்ளன. ஆண்டிறுதியில் முன்னணியில் வந்தோர் மேலேறுவதும், கடைப்பட்டோர் கீழிறங்குவதும் பொது விதி. ஆகவே கடைசிப் படியில் ஆடும் ஒரு சிற்றூர்க் கழகமும், வென்றுகொண்டே போகுமாயின், முதற்படியை அடையத் தடையில்லை. இது எளிதில் நிகழ்வதன்று. ஆயினும் வழி அடைபட்டிலது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மூன்றாம் படியில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் மற்றைய 19 கழகங்களோடும் தன் ஊரில் ஒருமுறையும் அயலூரில் ஒருமுறையும் ஆடுதலின், ஓராண்டில் ஆட்டங்கள் 38 ஆகின்றன. கோடையின் பிற்பகுதியில் தொடங்கி மறு ஆண்டின் மே மாதம் வரை ஆட்டம் நடைபெறும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30ஆம் நாள் முடிவுறும். அந்நாளை நோக்கி எத்தனையோ ஆட்டக்காரர் நெஞ்சு நடுங்கக் காத்திருப்பர். கழகம் மறுபடியும் ஒப்பந்தம் செய்யுமாயின் இருப்பர். இல்லையேல் மனைவி மக்களுடன் வேறொரு நகருக்குப் பெட்டி கட்டுவர். நான்காம் படியில் ஆடுவோருட் பலர் பகலில் வேறு வேலை பார்த்து மாலையிற் பயிற்சிக்கு வருவர். சிலர் கல்லூரியிற் பயின்றுகொண்டே ஆடுவர்.

இத்தகைய வாழ்க்கைக்கு நமக்கு அண்மையிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கை வழியினரான அகமது வசீம் ராசிக் என்பார் 1994இல் பெர்லின் மாநகரிற் பிறந்தவர். ஜெர்மனியின் கீழ்ப்படிகளில் மக்டபுர்க், எர்ஃபுர்ட் ஆகிய கழகங்களுக்காக ஆடிய இவர், பின்னர்த் தம் முன்னோர் நாடாகிய இலங்கையின் தேசிய அணியிற் சேர்ந்தார். 2021 ஜூன் மாதத்தில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், லெபனான் அணியோடு இலங்கை ஆடியது. மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் இலங்கை தோற்றதாயினும், அவ்விரண்டு கோல்களையும் அடித்தவர் இவரே. ஜெர்மனியில் பத்தோடு பதினொருவராய் இருந்த ஒருவர் தம் முன்னோர் நாட்டுக்கு எத்துணைப் பெருந்துணையாயினர் என்பதனை நோக்குமின். கீழ்ப்படியிற் பெற்ற பயிற்சியும் பயிற்சியே, அது வீண்போவதில்லை.

சிங்கப்பூர்த் தமிழராகிய வரதராஜு சுந்தரமூர்த்தி என்பாரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். 1980களின் இறுதியில், சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் கழகம் அந்நாட்டின் இரண்டாம் படியில் இருந்த காலத்தில், இவர் அக்கழகத்திற் சேர்ந்து ஆடினார். தென்கிழக்காசியாவிற் புகழ்பெற்ற ஆட்டக்காரராய் விளங்கிய இவர், 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர்த் தேசிய அணிக்குப் பயிற்றுநராகவும் இருந்தார். கால் ஓய்ந்த பின்னும் அறிவு ஓயாது என்பதற்கு இவர் சான்றாவர்.

நம் நாட்டு வழக்கம்

இது நிற்க. நம் நாட்டில் ஆட்டக்காரர் எவ்வாறு வாழ்ந்தனர்? ஈண்டுப் பன்னெடுங்காலம் ஒப்பந்தத்தின் இடத்தில் உத்தியோகம் இருந்தது. இராணுவம், இரயில்வே, துறைமுகம், சுங்கம், பாங்கு, போலீஸ் முதலிய நிறுவனங்கள் நல்ல ஆட்டக்காரரைத் தேடி வேலைக்கு அமர்த்திக்கொண்டன. அவர் ஏட்டிற் குமாஸ்தாவாகவோ சிப்பாயாகவோ இருப்பர். மாலையில் நிறுவனத்தின் சட்டையை அணிந்து களத்தில் இறங்குவர். சென்னை லீக் போட்டிகளில் இரயிற்பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே, இந்தியன் பாங்கு முதலியவற்றின் அணிகள் பெயர்பெற்று விளங்கியமை இம்முறையினாலேயாம்.

இம்முறையின் சிறந்த விளைவு பீட்டர் தங்கராஜ். 1935இல் ஐதராபாத்திற் பிறந்த இவர் செகந்திராபாத்துக் கழகங்களில் ஆடிப் பழகி, மதராஸ் ரெஜிமெண்டிற் சேர்ந்தார். நீலகிரி வெல்லிங்டனிலிருந்த அப்படைப்பிரிவின் பயிற்சி நிலைய அணி 1955, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டூரண்டு கோப்பையை வென்றது. 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் இந்திய அணியிற் சென்ற இக்கோல்காப்பாளர், பின்னர்க் கல்கத்தாவின் பெருங்கழகங்களிலும் ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோதும் இவர் அணியில் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஒரு சிப்பாயின் சம்பளம் அவரைக் காத்தது. அச்சம்பளத்தின் நிழலில் அவர் திறம் வளர்ந்தது.

உத்தியோக முறைக்குக் குணமும் உண்டு, குற்றமும் உண்டு. குணம் யாதெனின், ஆட்டம் ஓய்ந்த பின்னரும் வேலை ஓயாது. முதுமையிற் கஞ்சிக்குக் குறைவில்லை. குற்றம் யாதெனின், வேலை கிடைத்தவுடன் ஆட்டத்தில் ஊக்கம் தளர்வதுண்டு. மேலும் அவ்வேலைகள் குறையக் குறைய ஏணியே இல்லாமற் போகும். 1996இல் தேசிய லீக் போட்டியும், 2007இல் ஐ-லீக்கும், 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கும் தோன்றிய பின் ஆடவர்க்கு ஒப்பந்த முறை ஓரளவு அமைந்தது. பெண்டிர் நிலை யாது?

பெண்டிர்க்கு அடைத்த கதவு

பெண்கள் பந்தாடுதல் தகாது என்னும் எண்ணம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கால்பந்தின் தாயகமெனப்படும் இங்கிலாந்திலேயே, 1921ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சங்கம் தன்னைச் சார்ந்த கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு அளித்தலாகாது என்று விதித்தது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அத்தடை நீங்கிற்று. ஜெர்மானியச் சங்கமும் 1955இல் இத்தகைய தடையை விதித்து, 1970இலேதான் அதனை நீக்கியது. 1989இல் ஜெர்மனிப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை முதன்முதலாக வென்றபோது, அவர்களுக்குச் சங்கம் அளித்த வெகுமதி காபி அருந்தும் பீங்கான் கோப்பைத் தொகுதி ஒன்று! செல்வமும் ஒழுங்கும் மிக்க அந்நாட்டிலேயே இதுவாயின், பிற நாடுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

நம் நாட்டில் 1975இல் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் நிறுவப்பட்டது. 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியர் இரண்டாம் இடம் பெற்றனர். 1983இலும் மீண்டும் இரண்டாம் இடம் பெற்றனர். அவ்வாண்டிலேயே சாந்தி மல்லிக் என்பார் அர்ஜுனா விருது பெற்றார். இத்துணைச் சிறப்பாய்த் தொடங்கியதாயினும், பெண்டிர்க்கென நாடளாவிய லீக் ஏற்பட 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்கள் பந்தை மூலையில் வைத்துவிட்டு வேறு வழி சென்றனரோ, யார் கணக்கிட்டார்!

கடலூரில் நிகழ்ந்தது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடல் பொங்கி எழுந்து நம் கரையோர ஊர்களை அழித்தது. தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் குப்பங்களில் அன்று எழுந்த அழுகுரலை நேரிற் கேட்டவர் இன்னும் மறந்திலர். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென அரசினர் இல்லம் ஒன்று கடலூரில் ஏற்படுத்தப்பட்டது. உணவும் உடையும் படிப்பும் அங்கே அளிக்கப்பட்டன. ஆயினும் இரவில் அலையோசை கேட்டு அஞ்சி எழும் குழந்தைக்கு உணவும் உடையும் மட்டும் போதுமோ?

இக்காலத்தில் மாரியப்பன் என்னும் கால்பந்துப் பயிற்சியாளர், துன்புற்ற குழந்தைகளுக்கும் வறுமைப்பட்ட வீட்டுப் பெண்களுக்கும் பந்தாட்டம் கற்பிக்கலானார். ஆட்டத்திற் கருத்து ஊன்றிய பொழுதில் துயரம் சற்றே விலகி நிற்கும். பதினொருவரோடு ஓடும் குழந்தை தான் தனியள் அல்லள் என்பதனை உணரும். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்னும் பெயரோடு விளங்கிய அணியினர் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எனப் படிப்படியாய் முன்னேறி, 2018இல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு கழகங்களுள் ஒன்றாயினர். மணிப்பூரின் பேர்பெற்ற கழகங்களோடு கடலூர்ப் பெண்கள் ஒரே களத்தில் நின்றமை சிறு செய்தியன்று.

இந்நகரையும் இம்மாவட்டத்தையும் சார்ந்த பெண்கள் சிலர் இந்தியத் தேசிய அணியிலும் இடம் பெற்றனர். சுமித்ரா காமராஜ், பண்ணுருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன், இந்துமதி கதிரேசன் என்னும் மூவரை மட்டும் இங்குக் குறிப்பிடுகின்றோம். ஒரு மாவட்டத்தினின்றும் ஒரே தலைமுறையில் மூவர் நாட்டுக்காக ஆடியது, நம் மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதனைக் காட்டும். பஞ்சம் இருந்தது வேறொன்றில்.

ஓர் ஆட்டக்காரியின் வாழ்க்கை

அது யாதென விளக்குதற்கு இந்துமதியின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். 1994இற் கடலூரிற் பிறந்த இவர் நடுக்களத்தில் ஆடுபவர். நடுக்களத்தார் தொழில் அரியது. பின்னிருப்போர் தடுத்த பந்தைப் பெற்று, முன்னிருப்போர்க்கு வழி வகுத்து அளிப்பவர் அவரே. வீட்டில் தாய் செய்யும் வேலைபோல, அவர் செய்வது நன்றாயிருப்பின் எவரும் கவனியார். தவறின் எல்லாரும் கவனிப்பர்.

2018 பெப்ருவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசியப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டத்தில், தமிழ்நாடு மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அதுகாறும் மணிப்பூரே பெரும்பான்மையான ஆண்டுகளில் வென்று வந்த பட்டம் அது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் நேபாளத்து விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் இந்தியா வங்காளதேசத்தை நான்கு கோல்களால் வென்றபோது, அவற்றுள் இரண்டு இந்துமதி அடித்தவை. இறுதியில் இந்தியா நேபாளத்தை மூன்றுக்கு ஒன்று என வென்று கோப்பையைக் கொணர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கில் மதுரைச் சேது கழகம் பட்டம் வென்றது. அக்கழகத்திலும் இவர் ஆடினார். 2023இல் கோகுலம் கேரளக் கழகம் அகமதாபாத்தில் இறுதியாட்டத்தை ஐந்துக்கு ஒன்றுமில்லை என வென்றபோது, இந்துமதியும் சந்தியாவும் அவ்வணியினராய் இருந்தனர்.

இவை வெற்றிகள். இவற்றிற்கு இடையே நிகழ்ந்த வேறு இரண்டனை நாம் மறத்தலாகாது.

முதலாவது, 2020ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்று பரவி ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, களங்கள் யாவும் மூடப்பட்டன. நாட்டுக்கு ஆடிய பலர் வீட்டில் அடைபட்டிருந்தனர். இந்துமதியோ சென்னைத் தெருக்களிற் காக்கி உடையில் நின்றார். அவர் தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். களத்தில் நடுவிடத்தைக் காத்தவர், அன்று நகரத்து நாற்சந்தியைக் காத்தார்.

இரண்டாவது, 2022 ஜனவரி. ஆசியப் பெண்கள் கோப்பைப் போட்டி இந்தியாவிலேயே நடைபெற்றது. இந்துமதி அணியில் இடம் பெற்றிருந்தார். 20ஆம் நாள் நவி மும்பையில் ஈரானோடு ஆடிய முதல் ஆட்டம் கோல் இன்றிச் சமனாயிற்று. 23ஆம் நாள் சீனத் தைபேயோடு ஆடவேண்டிய நிலையில், அணியினருட் பலர்க்குத் தொற்று கண்டது. களத்திலிறங்கப் போதிய ஆட்டக்காரர் இல்லாமையால் ஆட்டம் நடவாது போயிற்று. இந்தியா போட்டியினின்றே விலகியதாகக் கொள்ளப்பட்டது. முன்னர் ஆடிய ஆட்டமும் கணக்கில் நீக்கப்பட்டது. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னிலையில், உலகக் கோப்பைக்கு வழி திறக்கக்கூடிய போட்டியில் இவ்வாறாயிற்று. ஆட்டக்காரரின் பதினேழு ஆண்டுகள் எத்துணை நொய்யன என்பதனை இதனினும் தெளிவாக எது காட்டும்?

கணக்கு

இனி நாம் கூறியவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெண்கள் லீக்கின் முதல் ஆண்டாகிய 2017இல், இறுதிச் சுற்று ஆறு கழகங்களோடு புதுதில்லியில் மூன்று வாரத்திற்குள் முடிந்தது. பட்டம் வென்ற கழகம் ஆடிய ஆட்டங்கள் ஏழு மட்டுமே. 2019லும் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்த போட்டி மூன்று வாரத்திற்குள் முடிவுற்றது. மூன்று வாரம் அறுவடை செய்து நாற்பத்தொன்பது வாரம் உண்ணும் உழவன் உண்டோ? 2023ஆம் ஆண்டின் இறுதியிற் தொடங்கிய பருவத்திலேதான் சொந்த ஊரிலும் அயலூரிலும் ஆடும் முறை வந்தது. ஏழு கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டங்கள். ஆட்டம் ஒன்றுக்கு 90 நிமிடமாயின், ஓராண்டு முழுமைக்கும் 18 மணி நேரம். ஜெர்மனியின் மூன்றாம் படியில் ஆடும் ஆடவனுக்கோ 38 ஆட்டங்கள், 57 மணி நேரம். அவன் மூன்றாம் படியினன். இவள் நம் நாட்டின் முதற்படியினள் என்பதனை நினைவிற் கொள்க.

ஊதியத்தையும் நோக்குக. பெண்கள் லீக்கில் ஆடும் கழகம் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு 3.2 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் அளித்தல் வேண்டும் என்று அகில இந்தியச் சம்மேளனம் 2023இல் அறிவித்தது. திங்களுக்குக் கணக்கிடின் ஏறக்குறைய 26,700 ரூபாய். இது செல்வமன்று, ஆயினும் இதற்கு முன்னர் வரையறையே இல்லாதிருந்தமையின், இதனை நல்ல தொடக்கமெனக் கொள்ளல் தகும். எனினும் தேசிய அணியிலே பெயர் பெற்ற ஒருவர் காக்கி உடையை விடாது காத்து வந்தமையின் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. அது ஊக்கக்குறைவன்று, அறிவுடைமை.

நாம் அறியத்தக்கவை

மேற்கூறியவற்றினின்றும் மூவர்க்கு மூன்று பாடங்கள் பெறப்படுகின்றன.

மாணவ நண்பர்க்கு உரியது முதலாவது. ஆட்டத்தையும் கல்வியையும் ஒன்றுக்கொன்று பகையெனக் கருதற்க. ஜெர்மனியின் நான்காம் படியினர் படித்துக்கொண்டே ஆடுகின்றனர். நம் தங்கராஜ் சிப்பாயாக இருந்துகொண்டே ஆடினார். நம் இந்துமதி போலீஸ் அலுவலராக இருந்துகொண்டே ஆடினார். ஒரு காலைக் களத்திலும் மற்றொரு காலை உறுதியான தரையிலும் ஊன்றுவோன் விழுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடியாது பந்தின்பின் ஓடுவோனுக்கு முழங்கால் ஒடியும் நாளில் யாது துணை?

பெற்றோர்க்கு உரியது இரண்டாவது. பந்தை உதைத்தால் அடுப்பு எரியுமா என்று கேட்ட பெரியவர்க்கு நம் விடை இது: சிலர்க்கு எரியும், பலர்க்கு அதனால் மட்டும் எரியாது, ஆயினும் அடுப்பு எரிதற்குரிய வேலையை அடையப் பலர்க்கு அதுவே வழியாகும். மகளை மைதானத்திற்கு அனுப்பத் தயங்கும் தாய் தந்தையர், கடல் கொண்டுபோன வீடுகளின் பெண்கள் நாட்டின் சட்டையை அணிந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. மகனுக்குப் பந்து வாங்கித் தருவோர், மகளுக்கு மட்டும் மாலை ஆறு மணிக்குக் கதவை அடைப்பது என்ன நீதி?

ஊரார்க்கு உரியது மூன்றாவது, இதுவே தலையாயது. ஜெர்மனியின் மேன்மை அதன் உச்சியில் இல்லை. ஏறக்குறைய 24,000 கழகங்கள் அந்நாட்டுச் சங்கத்தைச் சார்ந்துள்ளமையில் இருக்கின்றது. சிற்றூர்தோறும் ஒரு புல்வெளி, ஒரு பயிற்சியாளர், ஞாயிறுதோறும் வந்து நின்று பார்க்கும் ஊரார் எனப் படிகள் நிலத்தினின்றே தொடங்குகின்றன. நம்மிடத்திலோ ஏணியின் உச்சிப்படி மட்டும் வானில் தொங்குகின்றது. கீழே கைபிடித்தேறப் படியில்லை. மாரியப்பன் போன்ற ஒருவர் தம் உழைப்பால் இட்ட ஒரு படியே மூவரை நாட்டணிக்கு ஏற்றிற்றெனின், ஊரே சேர்ந்து பத்துப் படிகள் இடுமாயின் விளைவு யாதாகும்?

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மைதானத்தைப் பொருட்காட்சிக்கும் கூட்டத்திற்கும் விடுவதுபோல, வாரத்தில் இரண்டு மாலை பெண்களின் ஆட்டத்திற்கென்று ஒதுக்குதல். பள்ளிகளுக்கிடையே ஆண்டு முழுவதும் நடைபெறும் சிறு லீக் ஒன்றை அமைத்தல். காயமுற்ற ஆட்டக்காரரின் மருத்துவத்திற்கென ஒரு சிறு நிதி சேர்த்தல். ஆட்டம் ஓய்ந்தவரைப் பயிற்சியாளராக அமர்த்தல். இந்நான்கும் நம் கைக்கு எட்டாதன அல்ல.

முடிவுரை

2025 ஜூலை மாதத்தில், தாய்லாந்து தேசத்துச் சியாங் மாய் நகரில், இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை இரண்டுக்கு ஒன்று என வென்று, 2026ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியர் அக்கோப்பைக்கு இடம் பெற்றது அதுவே முதன்முறை. 2022இற் கண்ணீரோடு விலகிய அணி, மூன்றாண்டிற்குப் பின் தன் காலாலேயே வழியைத் திறந்துகொண்டது. தலைமுறை மாறிற்று, முன்னர் ஆடியோருட் பலர் அவ்வணியில் இலர். ஆயினும் முன்னோர் மிதித்துச் சென்ற தடத்திலேயே பின்னோர் ஓடினர்.

கீழ்ப்படியில் நிற்பவரை இழிவாக எண்ணுதல் நம் வழக்கமாகிவிட்டது. வீட்டின் வாசற்படியும் கீழ்ப்படியே; அதனை மிதியாது உள்ளே புகுந்தவர் ஒருவரும் இலர். இன்று மாலை மஞ்சக்குப்பத்து மைதானத்தின் வழியே செல்லும் அன்பர், சற்றே நின்று நோக்குவாராக. பந்தின்பின் ஓடும் குழந்தைகளுள் ஒரு சிறுமியும் இருப்பின், "அடுப்பு எரியுமா?" என்று கேளாது, "நாளையும் வருவாயா, அம்மா?" என்று கேட்டுச் செல்வாராக. ஏணியின் முதற்படி அக்கேள்வியே யாகும்.